இருபது கணினிகளும் ஒரு தமிழ் வகுப்பும்

அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் தவமணியை அவள் முதுகுக்குப் பின்னால் ‘வெஸ்ஸ மிஸ்’ என்பார்கள். சிங்களத்தில் வெஸ்ஸ என்றால் மழை. வானம் கொஞ்சம் இருட்டினால் போதும், கணினி அறையின் பொறுப்பாளரான தவமணி எழுந்துவிடுவாள். “சேவ் பண்ணுங்க, சீக்கிரம்” என்று இரண்டு மொழியிலும் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு மேசைக்கும் அடியில் குனிந்து பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குவாள். பிரின்சிபலே வந்து உட்கார்ந்து ஏதாவது தட்டிக்கொண்டிருந்தாலும் அவருக்கும் அதே கதிதான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மாவனெல்லையிலிருந்து அரநாயக்க பக்கம் ஏறுகிற மலைகளில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் விழும் இடி எப்படிப்பட்டது என்று அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். அந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும், சிங்கள வீடோ முஸ்லிம் வீடோ தோட்டத் தொழிலாளர் லயமோ, முதல் முழக்கத்துக்கே யாராவது ஓடிப்போய் பிளக்கைக் கழற்றுவார்கள். தவமணி அந்தப் பழக்கத்தைக் கணினி அறைக்குக் கொண்டுவந்தாள், அவ்வளவுதான். அவள் பொறுப்பேற்ற முதல் பதினொரு வருஷமும் ஒரு மெஷின்கூட இடிக்குப் பலியானதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவள் பிறந்தது றப்பர் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில், ஒரு லயத்தில். அப்பா பழனியாண்டி றப்பர் பால் வெட்டினார். பெண் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் மல்லிகா எட்டாம் வகுப்போடு நின்று அப்பாவோடு மலைக்குப் போனாள். வீட்டுக்கு இரண்டாவது வருமானம் வந்ததால் தவமணி தொடர்ந்து படித்தாள். இதை மல்லிகா ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தவமணிக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

தொண்ணூற்றிரண்டில் பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டுக் கேகாலையில் ஒரு கணினிப் பயிற்சிக்குப் போனாள். தமிழில் வகுப்பு கிடையாது. சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, சந்தையில் பேரம் பேசினால் யாரும் அவளைத் தமிழ் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் பலகையில் எழுதியதை வாசிக்கத் தெரியாது. பத்தொன்பது வயதில், பஸ்ஸில் போர்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினாள். கூடச் சேர்ந்த நான்கு தோட்டத்துப் பிள்ளைகள் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் ஒன்றும் இவளைவிட மக்குகள் இல்லை. பரீட்சைத் தாளில் என்ன கேட்டிருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு நாளைக்கு உட்கார்ந்திருப்பது?

தொண்ணூற்றாறில் இந்தக் கல்லூரியில் வேலை கிடைத்தது. சின்னத் தொழிற்பயிற்சிக் கல்லூரி. தையல், தச்சு, மோட்டார், இவற்றோடு யாரோ தானமாகக் கொடுத்த ஐந்து பழைய கணினிகள். ஐந்து மெஷினுக்கு முன்னால் பதினைந்து பேர் முண்டியடிப்பார்கள். தமிழில் ஒரு கணினி வகுப்பு வைக்கலாமே என்று அவள் கேட்கும்போதெல்லாம் பிரின்சிபல் அந்த ஐந்தையும் கைகாட்டுவார். அவர் பொல்லாத மனிதர் அல்ல. இடமில்லை, நேரமில்லை, வாத்தியார் இல்லை என்று அவர் சொன்னதெல்லாம் உண்மைதான்.

பதினொரு வருஷம் கழித்து, இரண்டாயிரத்து ஏழின் கடைசியில், அந்த உண்மை மாறுகிற மாதிரி இருந்தது. இருபது புதுக் கணினிகளும் ஒரு சேர்வரும் வந்து இறங்கின. கணினி அறை, அலுவலகம், நூலகம் மூன்றையும் ஒரே நெட்வேர்க்கில் இணைத்து இன்டர்நெட்டும் கொடுப்பதாக ஏற்பாடு. கொழும்பிலிருந்து வந்த டெக்னீசியன் நீல வயரை அறைக்குள் அழகாகச் சுவரோரம் ஓட்டினான். அலுவலகம் மேட்டில் இருந்தது. அங்கே வரைக்கும் நிலத்தில் குழி வெட்டி வயரைப் புதைக்க வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. கல்லுத் தரை, வெட்ட ஆளில்லை. நடுவில் நின்ற பலாமரத்தில் ஒரு கட்டுக் கட்டி வயரை ஆகாயத்தில் இழுத்துவிட்டுப் போய்விட்டான்.

பிரின்சிபல் அவளைக் கூப்பிட்டார். “இப்போது மெஷின் இருக்கிறது தவமணி. பின்னேரத்தில் அறை சும்மாதான் கிடக்கும். வாத்தியாரையும் பிள்ளைகளையும் நீ தேடு. சித்திரைப் புதுவருஷ லீவு முடிந்ததும் தொடங்கலாம்” என்று சிங்களத்தில் சொன்னார். அவள் அன்றைக்கு நடந்தா வீட்டுக்குப் போனாள்?

வாத்தியார் உடனே கிடைத்தார். மாவனெல்லை நுஹ்மான், தனியாக டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தவர். “எங்கட புள்ளைகளும் நாலஞ்சு பேர் வருவாங்க மிஸ். நீங்க நாளைச் சொல்லுங்க, நான் பஸ் ஏறி வந்துர்றேன்” என்றார். தோட்டங்களில் தவமணியே லயம் லயமாக ஏறி இறங்கிப் பிள்ளைகளைச் சேர்த்தாள். ஆனால் உள்ளுக்குள் அவள் இந்த வகுப்பை ஒருத்திக்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மல்லிகாவின் மகள் தனுஜா சாதாரண தரம் நன்றாகப் பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருந்தாள். மல்லிகாவின் புருஷன் செத்து நாளாகிவிட்டது. பால் வாளி சுமந்து சுமந்து அவளுக்கு முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. தனுஜாவுக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். றம்புக்கனையில் ரயிலேற வேண்டியதுதான் பாக்கி.

“வேணாம்க்கா” என்றாள் தவமணி. “இப்ப கொழும்புல தமிழ்ப் பிள்ளைகள என்னா பாடு படுத்துறாங்கன்னு கேள்விப்படலையா? செக்பொயின்ட்ல ஐடென்டிய வாங்கிப் பாத்துட்டு ஏத்திட்டுப் போயிர்றாங்க. புதுவருசம் கழிஞ்சி வகுப்பு. ஒரு வருசம் படிச்சான்னா மாவனெல்லையிலேயே ஒரு ஆபீஸ்ல உக்காந்துருவா.”

“கடைக்காரரு இந்த வாரம் ஆள் வேணும்னு சொல்றாரு தவம்.”

“வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு.”

மல்லிகா முழங்காலைத் தடவிக்கொண்டாள். “நீ சொன்னா சரி” என்றாள். கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

புதுவருஷத்துக்கு முந்திய வாரம், ஒரு பின்னேரம். அலுவலகத்தில் எல்லோரும் லீவு மனநிலையில் இருந்தார்கள். மேற்கே முழங்கியதும் தவமணி வழக்கம்போல எழுந்தாள். இருபது மெஷின், சேர்வர், வயர்கள் எல்லாம் வந்து சேருகிற பெட்டி, ஒன்றையும் விடவில்லை. மெயினையும் இறக்கினாள். எல்லா பிளக்குகளும் தரையில் கிடந்ததை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவடியில் வந்து நின்றாள். மழை ஊற்றியது. பிறகு கண் கூசுகிற வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. பலாமரத்தின் ஒரு பக்கத் தோல் உரிந்து புகைந்தது. அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, நல்ல வேளை எல்லாம் கழற்றியாகிவிட்டது என்று நினைத்தாள்.

அறைக்குள் திரும்பியபோது கருகிய வாடை.

மறுநாள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். பெட்டி செத்திருந்தது. சேர்வர் செத்திருந்தது. இருபதில் மூன்று மட்டும் உயிர் பிழைத்திருந்தன. பதினேழு மெஷின்களின் பட்டனையும் அவள் திரும்பத் திரும்ப அமுக்கினாள். பிரின்சிபல் வந்து தோளில் தட்டும்வரைக்கும் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

லீவு முடிந்து அதே டெக்னீசியன் வந்தான். வயர் நுனிகளைக் கழற்றி முகர்ந்து பார்த்தான்.

“பிளக் எல்லாம் கழற்றினீர்களா நங்கி?” என்று தங்கச்சி முறை வைத்துக் கேட்டான்.

“எல்லாம் கழற்றினேன்.”

“இந்த நீல வயர்?”

“அதில் கரண்ட் இல்லையே” என்றாள் தவமணி.

அவன் தலையைச் சொறிந்தான். “கரண்ட் வயரைத்தான் இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் கழற்றுகிறார்கள். மரத்தில் விழுந்தது இந்த வயர் வழியாக உள்ளே வந்திருக்கிறது.” மரத்தில் கட்டியது யார் என்பதை அவனும் பேசவில்லை, பிரின்சிபலும் கேட்கவில்லை. பராமரிப்பில் கவனக்குறைவு என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது.

விஷயம் அதோடு முடியவில்லை. யுத்தம் உச்சத்தில் இருந்த வருஷம் அது. அரசாங்கப் பொருட்கள் எரிந்திருக்கின்றன, அறைக்குள் தனியாக இருந்தவள் ஒரு தமிழ்ப் பெண் என்று யாரோ பொலிஸுக்குச் சொல்லிவிட்டார்கள். அவளைக் கூப்பிட்டு, எந்த ஊர், வடக்கில் சொந்தக்காரர் உண்டா என்று கேட்டார்கள். வடக்கு எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. அழகான சிங்களத்தில் பதில் சொன்னாள். “சிங்களம் நன்றாகப் பேசுகிறாயே, எங்கே படித்தாய்?” என்று அதையும் ஒரு சந்தேகமாகக் கேட்டார்கள். பிரின்சிபல் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

மேல்கணக்குக்குப் போய் மல்லிகாவிடம் நடந்ததைச் சொன்னாள். வகுப்பு இல்லை என்பதைச் சொல்ல முடியாமல் பிளக்கிலிருந்தும் வயரிலிருந்தும் சுற்றிச் சுற்றிச் சொன்னாள். மல்லிகா கவனமாகக் கேட்டாள்.

“இடி இடிச்சா நாங்க டீவிக்கு அன்டனா வயரயும் சேத்துத்தானே கழட்டுவோம் தவம்? அதுவும் வெளியிலேர்ந்துதானே வருது?”

மல்லிகா குத்திக்காட்டவில்லை. தெரியாததைத்தான் கேட்டாள். தவமணிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. அன்டெனா வயரை அவளும் எத்தனை தடவை தன் கையால் கழற்றியிருக்கிறாள். அறைக்குள் சுவரோரம் நல்ல பிள்ளையாகக் கிடந்த நீல வயரைப் பார்க்கும்போது, அது போய் ஆகாயத்தில் தொங்குகிறது என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

புது மெஷின் கேட்டு எழுதினார்கள். யுத்தச் செலவு, பொறுங்கள் என்று பதில் வந்தது. பழைய ஐந்தையும் ஸ்டோரிலிருந்து தூக்கி வந்து, பிழைத்த மூன்றோடு வைத்துச் சிங்கள வகுப்பை மட்டும் எப்படியோ இழுத்துக்கொண்டு போனார்கள். தமிழ் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருந்த பிள்ளைகள் ஆரம்பத்தில் வந்து விசாரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கொழும்புக் கடைகளுக்கும் கார்மென்ட்டுக்கும் போனார்கள். ஒரு பெண் வயதைக் கூட்டிப் பாஸ்போர்ட் எடுத்து வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். நுஹ்மான் மட்டும் இடைக்கிடை போன் பண்ணுவார். “என்ன மிஸ், ஏதாவது தகவல்?” என்று கேட்பார். அந்தக் குரலைக் கேட்கவே தவமணிக்குக் கூச்சமாக இருக்கும்.

இரண்டாயிரத்து ஒன்பது நடுவில் யுத்தம் முடிந்தது. பெரஹரா ஊர்வலத்துக்குப் போல ரோடெல்லாம் கொடி. சில வாரத்தில் புதுக் கணினிகளும் வந்தன. இந்தத் தடவை வேறு ஆட்கள் வந்து வயரைக் குழாயில் போட்டு நிலத்துக்கடியில் புதைத்தார்கள். பிரின்சிபல் மறக்கவில்லை. “தமிழ் வகுப்பைத் தொடங்கு. ஆனால் குறைந்தது பதினைந்து பேர் வேண்டும். இல்லாவிட்டால் மேலிடத்தில் விடமாட்டார்கள்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடியும் லயங்களில் ஏறினாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகள் நின்ற வாசல்களில் தாய்மார்தான் இருந்தார்கள். மகன் வெள்ளவத்தைக் கடையில், மகள் பியகம கார்மென்ட்டில், மகள் குவைத்தில். “போன வருசமே வகுப்பு வந்திருந்தா அனுப்பியிருப்போம் மிஸ்” என்றார்கள். யாரும் கோபமாகச் சொல்லவில்லை. நுஹ்மான் சொன்ன நாலைந்து பேரிலும் ஒருவன்தான் மிச்சம்.

கடைசியாக அக்கா வீட்டுக்குப் போனாள். மல்லிகா கட்டிலில் இருந்தாள். முழங்கால் மடங்காமல் வேலையை விட்டு ஆறு மாதமாகிறது. தனுஜா அப்போதுதான் மலையிலிருந்து வந்து, கையில் ஒட்டிக் காய்ந்திருந்த றப்பர் பாலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“வகுப்பு வந்திருச்சி தனு” என்றாள் தவமணி.

தனுஜா நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது உண்மை. பிறகு அவள் தாயின் பக்கம் திரும்பினாள்.

“அம்மா வேலையிலேர்ந்து நின்ன பொறகு தோட்டத்துல எம்பேரத்தான் பதிஞ்சிருக்கு சித்தி. நானும் நின்னுட்டா இந்த லயத்துக் காம்பராவ திருப்பிக் கேப்பாங்க. அம்மாவ வச்சிக்கிட்டு எங்க போறது?”

“நான் தோட்டத்து தொரைகிட்ட பேசுறேன்.”

“பேசாதீங்க சித்தி. பேசி, இருக்கிறதும் போயிரும்.” சொல்லிவிட்டு, சித்தி முகம் கோணுவதைப் பார்த்து அவளே சமாதானமும் சொன்னாள். “நீங்க ஒன்னும் நெனைக்காதீங்க. தேத்தண்ணி ஊத்தட்டுமா?”

தவமணி தேநீரைக் குடித்தாள். குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு இறங்கினாள். தோட்டங்களின் எல்லாக் கணக்குப் பிரிவுகளிலும் சேர்த்து அவளுக்குக் கிடைத்தது ஆறு பேர்.

திங்கட்கிழமை பிரின்சிபல் அவளைக் கூப்பிட்டு, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய பதிலைச் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னார். அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார், அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பத்தொன்பது வயதில் பஸ் போர்டுகளில் கற்ற எழுத்தில் தவமணி ஒரு பிழையும் இல்லாமல் அடித்தாள்: இப்பிரதேசத் தமிழ் மாணவர்கள் கணினிக் கல்வியில் ஆர்வம் காட்டாததால் தமிழ் மொழி மூல வகுப்பு நடத்தத் தேவை ஏற்படவில்லை.

“ஹரி” என்று சிங்களத்தில் சரி சொன்னார் பிரின்சிபல், “அனுப்பிவிடு.”

அவள் அனுப்பினாள். புதிய நெட்வேர்க் நன்றாக வேலை செய்தது. அந்தப் பதில் கொழும்புக்குப் போய்ச் சேர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.