பாட்டில்லாத காலைக்காட்சி

பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்த மூன்று பேரும் நானும் இப்போது ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கிறோம். பெரும்பாலும் மூட்டுவலித் தைலம்தான் அங்கே பேச்சு. போன மாதம் எப்படியோ எங்களுக்குப் பிடித்த ஆங்கில ராக் குழு நடித்த சினிமாவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. விடுதியில் நாங்கள் அந்தக் குழுவின் ஒரே ஒரு கேசட்டை நாடா தேயும்வரை கேட்டவர்கள். புரியாத வரிகளைக் காதில் விழுந்தபடி நோட்டில் எழுதி, ஜெபக்கூட்டம் முடிந்து அறைக்கு வந்ததும் பாடுவோம். அந்தப் படத்தைக் கோயம்புத்தூரில் பார்த்தேன், பாட்டுக்குத் தியேட்டரே எழுந்து ஆடியது என்று ஒருத்தி எழுதினாள். இன்னொருத்தி வீடியோவில் பார்த்து அழுதாளாம். நீ எங்கே பார்த்தாய் என்று கேட்டார்கள். திருநெல்வேலியில், தியேட்டரில் என்று போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அதற்குமேல் அங்கே சொல்ல அலுப்பாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகி விக்கிரமசிங்கபுரம் போனேன். அவருக்கு மில்லில் வேலை. அந்த மாதங்களில் இரவு ஷிப்ட். காலையில் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். பிறகு ஷிப்டுக்குக் கிளம்பும்வரை உள்ள பொழுதுதான் எங்கள் குடித்தனம். அந்த நேரத்தில் நான் டேப்ரிக்கார்டரில் என் கேசட்டைப் போடுவேன். பக்கத்துப் போர்ஷன்களில் சிரித்தார்கள். மருமகளுக்கு என்ன பேய் பிடித்திருக்கிறது என்று மாமியாரிடமே கேட்டார்கள். அவர் மட்டும் எதிரே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் தலையாட்டும் இடத்தில் தானும் தலையாட்டுவார். சீர்வரிசையாகக் கொண்டுவந்த பீரோவும் கட்டிலும் வீட்டுக்குப் பொதுவாகிவிட்டன. எனக்கென்று கொண்டுவந்தது அந்தப் பாட்டுகள் மட்டும்தான். அதில் ஒரு ஆள் துணைக்குக் கிடைத்துவிட்டார் என்ற நிம்மதியில்தான் அந்த வீட்டில் காலம் தள்ளினேன்.

ஒருநாள் அவரே வந்து சொன்னார். "ஏட்டி, திருநெல்வேலி ஜங்ஷன் தியேட்டர்ல உன் பாட்டுக்காரனுவ படம் போட்டிருக்கான். காலைக்காட்சி. போவமா?"

வெளிவந்து எத்தனையோ வருஷம் கழித்து எங்கள் ஊர்ப்பக்கம் எட்டிப்பார்த்த படம். ஒரு வாரம் ஓடினால் அதிகம். ஷிப்ட் முடிந்து வந்தவர் குளித்த கையோடு கிளம்பினார். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று பஸ் நின்று நின்று போனது. அவர் கண் சொருகிக்கொண்டே வந்தார். எனக்குக் குற்ற உணர்ச்சியாகத்தான் இருந்தது, ஆனாலும் திரும்பிவிடலாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

காலைக்காட்சி இங்கிலீஷ் படத்துக்கு எந்த மாதிரிக் கூட்டம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். போஸ்டரில் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண் பாதித் துணியோடு நின்றாள். டிக்கெட் கொடுத்தவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வே, வீட்டுப் பொம்பளையக் கூட்டிட்டு வந்திருக்கீரு. இது இங்கிலீஷ் படம்வே" என்றார். "தெரியும்வே. ரெண்டு டிக்கெட் கொடும்" என்றார் இவர். அந்த ஒரு பதிலுக்காக ஆயுசுக்கும் சமைத்துப் போடலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

தியேட்டரில் நான் ஒருத்திதான் பெண். விளக்கை அணைத்ததும் அவர் தூங்கிவிட்டார். முதல் பாட்டு வந்ததும் எழுப்பலாம் என்று இருந்தேன். படத்தில் நாலு பேரும் வேனை விட்டு இறங்கினார்கள். கிதார் கம்பிகளைச் சுருதி சேர்த்தார்கள். டிரம்ஸ்காரன் குச்சியை ஓங்கினான். நான் அவர் தோளில் கை வைத்தேன். திரை ஒரு குதி குதித்தது. நாலு பேரும் மேடையை விட்டு இறங்கி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த பாட்டும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. பந்தியில் உட்காரவைத்து இலை போட்டு, தண்ணீர் தெளித்ததும் இலையை உருவிக்கொண்டு போவது மாதிரி இருந்தது.

இடைவேளையில் அவரை எழுப்பாமல் நான் மட்டும் படியேறி ஆபரேட்டர் அறைக்குப் போனேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. முண்டா பனியனோடு இருந்தவர் அவசரமாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"பாட்டெல்லாம் எங்க அண்ணாச்சி?"

"என்னம்மா செய்ய? பாட்டு வந்தா அம்புட்டுப் பேரும் பீடி குடிக்க எந்திச்சுப் போயிருதான். போவாதவன் நாற்காலிய ஒடைக்கான். பாதி பாட்டு மதுரையில ஓடுனப்பவே போச்சு. மிச்சத்த முந்தாநாள் நான் எடுத்துட்டேன்."

"இனிமேலாவது ஒண்ணே ஒண்ணு போடுங்களேன்."

"அடுத்த ரீல்கள்ல எதுவுமே வரலம்மா. இருந்தா போடமாட்டனா? கடைமடைக்கு எம்புட்டுத் தண்ணி வந்து சேரும்?"

அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. கீழே வந்து உட்கார்ந்தேன். இவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி என்னத்தைக் காட்டுவது? விட்டுவிட்டேன். மீதிப் படத்தில் நாலு பேரும் சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள், எங்கேயோ கிளம்பிப் போனார்கள்.

விளக்குப் போட்டதும் விழித்தவர் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். எங்கள் ஊர் வழியாகப் போகும் பாபநாசம் பஸ் புறப்பட நேரமிருந்தது. உட்கார்ந்த பிறகு, "பாட்டெல்லாம் எப்படிட்டி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"பாட்டே இல்ல. எல்லாத்தையும் வெட்டிட்டாவ."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"எனக்கு இடது காது சுத்தமா கேக்காது பாத்துக்க. சின்ன வயசுல காய்ச்சல்ல போச்சு. வலதும் அரைகுறதான். பேச்சுன்னா மொகத்தப் பாத்து வெளங்கிக்கிடுவேன். உன் பாட்டு எனக்கு வெறும் எரைச்சலாத்தான் கேக்கும். நீ ஆட்டுனா நானும் ஆட்டுவேன். தியேட்டர்ல பெரிய ஸ்பீக்கர் இருக்கும், ஒரு தடவயாவது என்னன்னு கேட்டுப் பாப்பமேன்னுதான் வந்தேன். வந்து தூங்கித் தொலச்சிட்டேன்."

மில்லுக்குள் மெஷின் சத்தத்தில் எல்லோருமே கைச்சாடையில்தான் பேசுவார்கள். வெளியே வந்தாலும் கத்தித்தான் பேசுவார்கள். அந்த ஊரில் ஒரு மனிதனுக்குக் காது கேட்காததை யார் கண்டுபிடிக்க முடியும்? ஆனால் பெண் பார்க்க வந்த அன்று அவருக்குத் தெரியும், அவர் வீட்டாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று ஆத்திரமாக வந்தது. இத்தனை நாள் ஆட்டியதெல்லாம் சும்மாவா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நான் தூங்கிட்டேன்னு வருத்தப்படுவேன்னு பாட்டே இல்லன்னு சொல்லுத பாரு. எனக்காவ நீ பொய் சொல்லாண்டாம்டி."

"பொய் இல்ல. நெசமாவே வெட்டிட்டாவ. நான் மேல போய்க் கேட்டேன்."

"சரி, சரி."

"கர்த்தர் மேல ஆணையா."

"ஆணையெல்லாம் போடாத" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். வண்டி கிளம்பியது. பேட்டை தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து மறுபடியும் தூங்கிவிட்டார்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மகள் காதுக்கு மெஷின் வாங்கிக்கொடுத்தாள். அதே படத்தைத் தேடிப் பிடித்து டிவியில் போட்டும் காட்டினாள். எல்லாப் பாட்டும் இருந்தது. டிரம்ஸ்காரன் குச்சியை ஓங்கினான், அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். இவர் மகள் பக்கம் திரும்பி, "பாத்தியா? இதத்தான் இல்லவே இல்லன்னு சொன்னா உங்கம்மா, என் மனசு நோவக்கூடாதுன்னு" என்றார். மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். ஆபரேட்டர், மதுரை, கடைமடை என்று நானும் ஆரம்பித்தேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். விட்டுவிட்டேன்.

காது கேட்காததை மறைத்து என்னைக் கட்டிக்கொண்டதற்காக அவர் ஒருநாளும் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. பாட்டே இல்லை என்று அவருக்காகப் பொய் சொன்னேனாம்; அதிலேயே, அன்றைக்கு அந்த பஸ்ஸிலேயே, கேட்பதற்கு முன்னாலேயே நான் மன்னிப்பைக் கொடுத்துவிட்டேன் என்று நம்புகிறார். நான் கொடுக்கவில்லை. இந்த வயதில், இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியவில்லை.