விற்றுக் கையெழுத்து வைத்தவர்கள்

லவால் நகரில் நாங்கள் வீடு வாங்கியதே ஒரு காருக்காகத்தான் என்றால் யாரும் நம்புவதில்லை. எனக்கு வேண்டியிருந்தது மெற்றோ ரயிலுக்குக் கிட்ட ஒரு வீடு. என் கணவருக்கு வேண்டியிருந்தது ஹீற்றர் பூட்டிய நீளமான கராஜ். கடைசியில் கராஜ்தான் கிடைத்தது.

அது நூறு வயதை நெருங்கும் அமெரிக்கக் கார். பணக்காரர் தாங்கள் ஓட்டாமல் பின்னால் இருந்து போவதற்கென்று செய்தது. கரும்பச்சை நிறம், மரத்தாலான சில்லுகள், எட்டுச் சிலிண்டர் எஞ்சின், பின் இருக்கையின் பக்கத்தில் பூ வைக்க ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை. பெயின்ற், இருக்கைத் துணி எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தன. திருத்திப் புதிதாக்கிய கார்கள் எத்தனையோ உண்டு, இப்படி மாறாமல் தப்பியது அபூர்வம் என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள். நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அந்தத் துணியில் பூச்சி ஏறாமல் பதினேழு வருடம் தூசி தட்டியது நான்.

என் கணவர் லேத் மெஷினில் விமானப் பாகங்கள் கடைந்தவர். நாங்கள் கார்ட்டியர்வில்லில் வாடகைக்கு இருந்த காலத்தில், பால் வாங்கப் போன டெப்பனர், அதுதான் மூலைக்கடை, அதன் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து அந்தக் காரைத் தேடிப் போனார். ஒரு பள்ளி ஆசிரியரின் வீடு அது. பால் இல்லாமல், கண் நிறைய வெளிச்சத்தோடு திரும்பி வந்தார்.

மூன்று குளிர்காலத்துக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, தேடித் தேடி வரும். நான் ஒரு கார்டெரியில், சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில், சமையல் வேலை செய்கிறேன். அறுபது பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு. விடிய எழும்பி அவருக்குக் கால் கை நீட்டி மடக்கிவிட்டு, கஞ்சி கொடுத்து, வெளியே நிற்கும் என் காரில் பனி சுரண்டுவேன். உள்ளே அந்தக் கார் கதகதப்பில் நிற்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அதை ஸ்ரார்ட் பண்ணவேண்டும். அவர் கராஜ் வாசலில் கதிரையில் இருந்து இடது கையால் காட்டுவார், நான் செய்வேன். எனக்கு யாரிலும் கோபம் இல்லை. களைப்புத்தான்.

போன இலையுதிர் காலத்தில் எல்லைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு தம்பதி காரைக் கேட்டு எழுதினார்கள். முன்பு யார் யார் வைத்திருந்தார்கள் என்ற பத்திரங்கள் வேண்டும் என்றார்கள். கணவரின் பழைய ஃபைலை எடுத்துக் குசினி மேசையில் வைத்து, பிரெஞ்சு அகராதியோடு இருந்தேன். முதலில் வாங்கியவர் ஒரு சீனி வியாபாரி. அவர் இறந்தபின் மனைவி கையெழுத்து வைத்து ஒரு டாக்டருக்கு விற்றிருக்கிறார். டாக்டர் இறந்தபின் அவர் மனைவி அந்த ஆசிரியருக்கு. ஆசிரியர் இறந்தபின் அவர் மனைவி எங்களுக்கு. மூன்று விற்பனை, மூன்று பெண்கள். கீழே அடுத்த கையெழுத்துக்கு இடம் விட்டதுபோல் இருந்தது.

ஆசிரியரின் மனைவி உயிரோடு இருந்தார். பழைய படங்கள் ஏதும் உண்டா என்று கேட்கும் சாட்டில், அவர் இருந்த முதியோர் இல்லத்துக்குப் போனேன். தொண்ணூறு தாண்டியிருந்தாலும், கார் எடுக்கப் போன அன்று கண்ட என்னை மறக்கவில்லை. என்னுடைய கார்டெரிப் பிரெஞ்சில் கேட்டேன்.

"விற்கும்போது கவலையாக இருந்ததா?"

"கவலை என் கணவரைப் பற்றி. கார் வெறும் வேலை," என்றார். "அவர் போனபின் ஒரு வருடம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யாரும் துடைக்கச் சொல்லவில்லை. உன் கணவர் வந்து எத்தனை கேள்வி கேட்டார்! ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர் மண்ணுக்குள் இருந்தார்."

என் காரில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று பின்னேரம் மூன்று பத்திரங்களையும் கணவர் முன்னால் விரித்தேன். "இஞ்சேருங்கோ, பாருங்கோ. மூண்டு பேரும் செத்தாப்பிறகு மனுசிமார்தான் வித்திருக்கினம்."

அவர் பார்த்தார். "பேந்து… நீர்… வில்லும்."

"பேந்தெண்டா எப்ப?"

இடது கையால் மேலே காட்டிப் பாதி முகத்தால் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு ஏலாது. நீங்கள் போனாப்பிறகு ஆளைத் தேடி, அவையள் கேக்கிறதுக்கெல்லாம் முழிச்சுக்கொண்டு நிக்க எனக்குத் தெம்பில்லை. இப்பவே களைச்சுப் போனன். விக்கிறதெண்டால் நீங்கள் இருக்கேக்க, நீங்களே வித்துப்போடுங்கோ."

நான்கு நாள் அவர் கதைக்கவில்லை. இருந்த கொஞ்சச் சொல்லையும் பூட்டி வைத்துக்கொண்டார். நான் சோறு தீத்தினேன், உடுப்பு மாற்றினேன், வேலைக்குப் போனேன். சொன்னது பிழையோ என்று வெங்காயம் வெட்டும்போதெல்லாம் யோசித்தேன். ஆனால் திருப்பி எடுக்க மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை, "பேனை," என்றார்.

இடது கையால் வைத்த கையெழுத்து, எழுதப் பழகும் பிள்ளையின் எழுத்துப்போல் கோணிக்கொண்டு போனது. வாங்கியவர் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தாளை மடிக்காமல் உறைக்குள் வைத்தார். அவருடைய மனைவி முன்கதவைத் திறந்து, எந்த லீவர் எதற்கென்று கேட்டார். என் கணவர் காட்டக் காட்ட நான் மொழிபெயர்த்தேன். பாதியில் அவர் கையைக் கீழே விட்டுவிட்டார். மிச்சத்தை நானே சொல்லி முடித்தேன். எனக்கு அவ்வளவு தெரியும் என்று எனக்கே தெரியாது. லொறி காரை ஏற்றிக்கொண்டு போனதும் அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நான் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

பெரிய நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். ஒரு வேலை குறைந்தது, அவ்வளவுதான்.

ஆறு கிழமை கழித்து வாங்கியவர் போன் எடுத்தார். எஞ்சினில் ஏதோ தட்டுகிற சத்தமாம். நான் போனை என் கணவரின் காதில் வைத்தேன். பேச்சுப் பயிற்சிக்காரி மணித்தியாலக் கணக்காகக் கெஞ்சினாலும் பத்துச் சொல் தராத மனிதர், "இல்லை… முதல்… எண்ணெய் பாரும்," என்று தமிழிலும் இங்கிலிஷிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தார். மறுபக்கத்தில் அந்த மனிதர் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிடித்த கை வலித்து, போனைத் தலையணையில் சாத்தி வைத்துவிட்டு நான் அரிசி கழுவப் போனேன்.