தவசி செய்த உறுமல் பெட்டி

பிற்காலத்தில் தேனி, கம்பம், மதுரை என்று கிதாரை உறுமவைக்கும் பெட்டிகள் நாற்பத்தொன்று செய்து கொடுத்த தவசிக்கு, தொழில் என்னவோ தீ போடுவதுதான். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டம். பறித்த பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு குறைந்தால் காய் வெளுக்கும், கூடினால் கருகும். அந்த வேலையில் அவனைக் குறை சொல்ல ஆளில்லை. குறை சொன்னதெல்லாம் அவன் கிதாரைத்தான்.

ஞாயிற்றுக்கிழமையானால் ஜீப்பைப் பிடித்துப் போடிக்கு இறங்கிவிடுவான். அங்கே சின்னச்சாமியின் மெல்லிசைக் குழுவில் அவன்தான் கிதார். ஆர்மோனியம் வாசிக்கும் சின்னச்சாமி நல்ல மனிதர், ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவர். எழுபத்தெட்டாம் வருஷம் அது. சினிமாப் பாட்டில் கிதார் உறுமத் தொடங்கியிருந்தது, லோடு ஏற்றிய லாரி கொண்டையூசி வளைவில் ஏறுகிற மாதிரி. தவசியின் கிதாரோ டிங் டிங் என்றது. கூட்டத்தில் விசில் வரவேண்டிய இடத்தில் கொட்டாவி வந்தது.

"மாப்ளே, மதுரையில ஒருத்தர் அந்தச் சத்தத்துக்குன்னே வெளிநாட்டுப் பெட்டி வச்சிருக்காராம். காலால மிதிச்சா உறுமுதாம். சித்திரைத் திருவிழாவுக்குள்ள நீயும் அந்தச் சத்தத்தக் கொண்டா. இல்லேன்னா அவரையே குழுவுல சேத்துக்கிறேன். மனசுல வச்சுக்கிறாத" என்றார் சின்னச்சாமி.

மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பதாம்? வாரத்தில் ஆறு நாள் புகைக்குள் கிடக்கிறவனுக்கு அந்த ஒரு நாள்தான் மூச்சு.

வெளிநாட்டுப் பெட்டிக்கு எங்கே போவான்? செய்துவிட வேண்டியதுதான் என்று கிளம்பிவிட்டான். மதுரையில் பழைய புத்தகக் கடையைக் குடைந்து ஓர் ஆங்கில எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையைக் கண்டுபிடித்தான். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தோட்டத்தில் யார் ரேடியோ வாயடைத்துப் போனாலும் பிரித்து மேய்ந்து பேச வைத்தவன். கோடு போட்டு வரைந்த படத்துக்கு ஆங்கிலம் எதற்கு? இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கண்டன்சர். எல்லாம் செத்த ரேடியோக்களின் வயிற்றில் கிடைத்தன. காலால் மிதிக்கிற சுவிட்சுக்குத்தான் இரண்டு நாள் யோசித்தான். மலை ஜீப்பில் ஹெட்லைட்டை ஏற்றி இறக்க டிரைவர் இடது காலால் மிதிப்பாரே, அதையே ஒரு உடைந்த ஜீப்பிலிருந்து கழற்றி வந்தான். வீட்டு ஒயரிங்குக்கு வைக்கும் இரும்புப் பெட்டிக்குள் அத்தனையும் அடங்கியது. உயிர் கொடுக்க ஆறு டார்ச் செல்.

குடியிருந்த லயத்து வீட்டில் கரண்டு கிடையாது. ஸ்டோரில் மட்டும்தான் பிளக்கு, அதுவும் அடுப்புக்குப் பக்கத்தில். அங்கேயே குத்தவைத்து ஈயப் பற்று வைத்தான். கிதாரைப் பெட்டியிலும், பெட்டியை ஸ்டோரில் கிடந்த பழைய ரேடியோவின் பின்புறத்திலும் சொருகினான். ஒரு ரெசிஸ்டரை மட்டும் காதால்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பதினாலு மாற்றிப் பார்த்து, பதினைந்தாவதை வைத்துக் கம்பியைத் தட்டினான். ஸ்டோரே உறுமியது.

உலர்ந்த காயைத் தேய்த்துக் காம்பு உதிர்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி வேலுத்தாய் முறத்தைக் கீழே போட்டாள். "ஆத்தாடி! ஜீப்புதான் உள்ள வந்துருச்சோன்னு நெனச்சேன்!"

தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒத்திகைக்குப் பெட்டியைக் கல்யாணப் பெண்ணைப் போல் துணி சுற்றிக் கொண்டுபோனான். சுவிட்சை மிதித்தான். பெட்டி இரண்டு தரம் கமறிவிட்டுப் படுத்துக்கொண்டது. தபலாக்காரர் சிரித்தேவிட்டார். சின்னச்சாமி ஆர்மோனியத்தில் அடுத்த பாட்டை எடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மானம் போய் மலையேறியவன் நேரே ஸ்டோருக்குத்தான் வந்தான். அடுப்புப் பக்கம் உட்கார்ந்து சொருகினால், கொஞ்ச நேரத்தில் பெட்டி ஒன்றுமே நடக்காதது போல் உறுமுகிறது! நீள ஒயர் போட்டு வெளி முற்றத்துக்குக் கொண்டுபோனான். வெற்றிலை மென்று துப்புவதற்குள் சத்தம் அடங்கிவிட்டது. உள்ளே கொண்டுவந்தால் மறுபடி உயிர் வருகிறது.

வேலுத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒங்க பெட்டிக்குக் குளிருதுங்க. வெரசா ஒரு கம்பளிச் சட்டை தச்சுப் போடுங்க!"

தவசி சிரிக்கவில்லை. பெட்டியையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீ சொல்றதுதான் புள்ள நெசம்" என்றான். "அடுப்படியில குந்திக்கிட்டு அடுப்படிக்குத் தக்கன செஞ்சுபுட்டேன்."

அந்தப் பழைய ரக டிரான்சிஸ்டர் சூட்டில் ஒரு மாதிரியும் குளிரில் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும். காதால் தேர்ந்தெடுத்தானே பதினைந்தாவது ரெசிஸ்டர், அது அந்தச் சூட்டுக்கு மட்டுமே பொருத்தமானது. தீயோடேயே புழங்குகிறவனுக்கு அது சூடாகவே தோன்றவில்லை, அவ்வளவுதான். அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்றை அங்கே வைத்தான். குளிரானால் ஒரு பக்கம், வெக்கையானால் மறுபக்கம். ஒரு முனையில் 'மலை' என்றும் மறுமுனையில் 'ஊர்' என்றும் பெயிண்டால் எழுதினான். மெட்டுப் பனியில் உறுமியது, அடுப்பு வாயில் உறுமியது, போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடை ரேடியோவிலும் உறுமியது.

போடியில் சித்திரைத் திருவிழா. பொழுது இறங்கியும் மேடைப் பலகை கொதித்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மதுரைக்காரரை வரவழைத்து மேடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார் சின்னச்சாமி. தவசி அவரை ஒருதரம் பார்த்தான். குனிந்து திருகை 'ஊர்' பக்கம் மெல்ல நகர்த்தினான். ஜீப் சுவிட்சை ஓங்கி மிதித்தான்.

பெட்டி உறுமியது, கூட்டம் வெடித்தது. துண்டுகள் பறந்தன. ஒன்ஸ்மோர் கேட்டார்கள், மறுபடியும் கேட்டார்கள். பெண்கள் பக்கத்தில் வேலுத்தாய் எழுந்து நின்று, "அது எங்க வீட்டுக்காரரு!" என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னாள்.

பாட்டு முடிந்ததும் மதுரைக்காரர் மேடையேறி வந்து பெட்டிக்கு முன்னால் குந்தினார்.

"அண்ணே, இந்தத் திருகு எதுக்கு? எங்கிட்ட இருக்கிற வெளிநாட்டுப் பெட்டியில இது இல்லையே."

"நாங்க குளுருலயும் வெக்கையிலயும் மாறி மாறிக் கெடக்குறவுக தம்பி. பெட்டியும் அப்படித்தான் இருந்தாகணும்."

"எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றீகளா?"

தவசி பதில் சொல்வதற்குள் சின்னச்சாமி ஆர்மோனியத்தை விட்டு எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். மைக் அணைக்கப்படவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. திருவிழாவே கேட்டது.

"பெட்டி வேணும்னா செஞ்சு வாங்கிக்கங்க. ஆளக் கேட்டுறாதீக. இவரு எங்க குழுவோட கிதாரு."