நாலு சக்கரம், மூன்று பங்கு

“இந்த ரிமோட்டு என் கைய வுட்டு இன்னொருத்தன் கைக்குப் போவாது. செலவா? ஒண்டியா பாத்துக்குவேன். எவன் தயவும் எனக்கு வாணாம்.”

உத்திரமேரூருக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊர் டீக்கடையில் தாண்டவராயன் இதை அறிவித்தபோது பதினோரு பேர் இருந்தோம். சாட்சிக்குக் குறைவில்லை. அறிவித்தவருக்கு வயது நாற்பத்தெட்டு, நிலம் இரண்டு ஏக்கர், சொந்த டிராக்டர் கிடையாது. கக்கத்தில் இருந்தது ஆட்டுக்குட்டி அளவில் ஒரு சிவப்பு ரிமோட் கார். விலை இருபத்திரண்டாயிரம். கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரிக்குள் அதை அவர் ஓட்டும்போது கிளம்பும் புழுதியைப் பார்த்து, மழைதான் வருகிறதோ என்று நம்பியவர்களும் உண்டு.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அது தீனி கேட்கும் பிராணி என்று. மாதம் ஒரு டயர் தின்றது. இடையில் பல்சக்கரமும் கடித்தது. தாண்டவராயன் சிக்கனத்தில் இறங்கினார். தேய்ந்த டயர்மேல் டிராக்டர் டியூபை வெட்டி ஒட்டினார். உடைந்த பம்பருக்குப் பதில் ஓட்டைக் குடத்தை அறுத்து வைத்தார். அத்துடன் நிறுத்தியிருந்தால் இந்த வரலாற்றை எழுத அவசியம் வந்திருக்காது.

வீட்டுக் கரண்டுக்குக் காசு. வயலில் பம்ப்செட் கரண்டு இலவசம். இந்த இரண்டு உண்மைகளையும் அருகருகே வைத்துப் பார்த்த எங்கள் ஊரின் முதல் விஞ்ஞானி அவர்தான். காரின் பேட்டரியையும் சார்ஜரையும் மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோய், பல்பு ஹோல்டரிலிருந்து ஒயர் இழுத்துச் செருகினார். மூன்று ரூபாய் மிச்சம். அன்று பார்த்து வோல்டேஜ் எகிறியது. சார்ஜர் புகைந்தது, பேட்டரி பூரி போல் உப்பியது. புதிதாய் இரண்டும் வாங்க எட்டாயிரம் ஆகும்.

கடலை பறித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சுலோச்சனா புகையைக் கண்டு ஓடிவந்தார்.

“மாமா! உசுரோட கீறியா?”

“நான் கீறேன். பேட்டரிதான் பூட்ச்சி.”

“நீ கீறல்ல, போதும். அத்த வித்துத் தொல.”

ஓரிக்கையிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஏழாயிரத்துக்கு எடுத்துப்போவதாகப் பேச்சு முடிந்தது. தாண்டவராயன் மூன்று நாள் பல்துலக்கும் பிரஷால் காரைக் கழுவினார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தகப்பன்கூட அப்படி மூக்கை உறிஞ்சமாட்டான். சனிக்கிழமை காலை, அந்த முகத்தைச் சகிக்காமல் சுலோச்சனாவே வயல் கிணற்றைக் காட்டிக் கேட்டார்.

“இதுல நம்ம பங்கு இன்னா?”

“கால் பங்கு.”

“மோட்டாரு காயிலு எரிஞ்சா?”

“கால் செலவு.”

“எங்க மாமனாரு காலத்துலருந்து ஓடிக்கினு கீது. உன் பொம்ம காருக்கு மட்டும் நீ ஒண்டியா அழுவுறியே, இன்னா நாயம்?”

டீக்கடையில் சொன்னது தாண்டவராயனுக்குக் குறுக்கே நின்றது. மத்தியானம் வரைக்கும் நின்றது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கொத்தனார் சாமுவேல் வீட்டுக்கு நடந்தார். அந்தக் கோடை முழுக்க ஏரிக்கரையில் நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தவர் சாமுவேல்.

“எங்க வூட்ல மூணு தலமொறயா எந்தக் கெணத்துலயும் பங்கு கெடையாதுண்ணா,” என்றார் சாமுவேல். “இதுலனா ஒண்ணு வெச்சிக்கிறேன்.”

தாண்டவராயன் கொஞ்ச நேரம் தன் செருப்பை ஆராய்ந்தார்.

“கால் பங்கு,” என்றார் பிறகு.

இன்னொரு கால், பால் சொசைட்டியில் கணக்கு எழுதும் தேவயானிக்குப் போனது. “எனுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியும். உங்கள மாரி வரப்புல முட்டிக்கினு நிக்கமாட்டேன்,” என்று தன் தகுதியையும் அவர் சொல்லிவிட்டார்.

எட்டாயிரத்தில் பாதியை அவர்கள் இருவரும் போட்டார்கள். மீதிப் பாதிக்குச் சுலோச்சனா கடலைப் பணத்தை எடுத்து நீட்டினார். ஓரிக்கைக்காரருக்கு வர வேண்டாமென்று போன் போனது. கிணற்றைப் போலவே காருக்கும் முறை வைத்தார்கள்: தாண்டவராயனுக்கு இரண்டு நாள், மற்ற இருவருக்கும் ஆளுக்கு ஒரு நாள். முதல் முறை யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். உத்திரமேரூர்ப் பக்கத்தாருக்கு அது குடவோலைக் காலத்திலிருந்து வரும் ஆயிரம் வருடப் பழக்கம். சீட்டு சாமுவேல் பெயருக்கு விழுந்தது.

புது பேட்டரி வந்த மறுநாள் ஏரிக்குள் கூடினோம். நன்றாகத்தான் ஓட்டினார் சாமுவேல். மூன்றாவது சுற்றில் கார் மதகுக் கல்லில் போய் மோதியது. முன்சக்கரம் தனியாக உருண்டு ஓடியது.

சாமுவேலுக்கு முகம் வெளுத்துவிட்டது. ரிமோட்டைத் தாண்டவராயனிடம் நீட்டினார். “தப்பா பூட்ச்சிண்ணா. நீயே வெச்சிக்க.”

தாண்டவராயனின் உதடுகள் கணக்குப் போட்டன. மிஞ்சிப் போனால் ஒரு பல்சக்கரம், அதிலும் தன் செலவு பாதிதான். பல மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல் பெரிதாக மூச்சு விட்டார். நடந்துபோய்ச் சக்கரத்தைப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, மாட்டி முடுக்கினார். பிறகு சாமுவேலின் விரல்களைப் பிடித்து ரிமோட்டின்மேல் மடக்கி வைத்தார்.

“பொயுது சாயற வரைக்கும் உன் முறதான். ஓட்டு.”

கருவேல நிழலில் போய், காலை நீட்டி உட்கார்ந்தார்.