சூடத் தட்டும் ஓட்டுப் பெட்டியும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் பேச்சை நம்ப வேண்டுமென்றால் அவர் சூடம் அணைக்க வேண்டும். கோயில் வாசலில் எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை அழுத்தி, அம்மனைப் பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி கிடையாது. பொய்யாக அணைத்தவன் வீடு விளங்காது. கோழித் திருட்டு முதல் கல்யாணத் தகராறு வரை இப்படித்தான் தீர்ந்தன. அதைத் தேர்தலுக்குக் கொண்டுவந்தவர் என் அண்ணன்.

கோயில் கமிட்டியில் தொடங்கியவர் அவர். பிறகு மாவட்ட மன்றத்தில் நியமன உறுப்பினர். தெருவிளக்கு, சாக்கடை, மண் சரிந்தால் ரோட்டைத் திறக்க ஓடுவது. சட்டமன்றத்துக்கு முதல் தடவை நின்றபோது தொழிலாளர் லயத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நல்ல மனுசன்தான் லா. நல்ல மனுசனுக்கு எதுக்கு ஓட்டு?" தோற்றார்.

அடுத்த தடவை, கூட்டத்தின் நடுவில், யாரும் கேட்காமலே சூடத்தை அணைத்தார். "நான் ஜெயிச்சா, வேலை ஓஞ்ச எல்லாருக்கும் வீட்டுமனை வாங்கிக் குடுப்பேன்!" கைதட்டலில் கோயில் மணி தானாக ஆடியது போலிருந்தது எனக்கு. இங்கே வேலையோடு வந்த வீடு வேலையோடு போய்விடும். ஆயுள் முழுக்கக் கொழுந்து கிள்ளியவர் ஓய்வு பெற்றதும் சாவியைத் தோட்ட ஆபீஸ் கிராணியிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தச் சாவிதான் எங்கள் மலையின் பெரிய பயம். அண்ணன் அதைத் தொட்டார், ஜெயித்தார். சட்டமன்ற உறுப்பினரை இங்கே ஒய்.பி. என்பார்கள்; அன்றிலிருந்து அவர் ஒய்.பி.

பிறகு வந்தன அந்த ஆண்டுகள். மாநிலத் தலைநகர் குவாந்தானுக்கு ஓடினார். தோட்டத்துரையிடம் கேட்டால், நிலம் அரசாங்கத்துடையது, அங்கே போய்க் கேளுங்கள் என்றார். அரசாங்கத்தில் கேட்டால், குத்தகை கம்பெனியிடம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். இரண்டு மலைகளுக்கு நடுவில் மூடுபனி அலைவது போல அலைந்தார். வீடு திரும்பினால் சட்டையைக் கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். மனை வரவில்லை.

மூன்றாவது தேர்தல் வந்தது. பிரச்சாரத்துக்கு உதவ நான் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் மகள் நிறைமாதம், டவுனில், தானா ராத்தா ஆஸ்பத்திரியில். அண்ணிக்கு உடம்பு அங்கே, உயிர் இங்கே. பாதி நாள் பிரச்சாரத்துக்கு வந்து ஓரமாக நிற்பார்.

அன்று பிற்பகல் தூறல். கோயில் வாசலில் லயத்து சனம் முழுவதும் சுவெட்டரும் குடையுமாகக் கூடியிருந்தது. அண்ணன் பேச்சை முடிக்கும்போது, முயற்சி செய்வேன் என்றுதான் முடித்தார். அந்த வார்த்தை விழுந்த இடத்தில் ஒரு சலசலப்பு. கூட்டத்தைப் பிளந்துகொண்டு எங்கள் பழைய பக்கத்து வீட்டு அக்கா வந்தார். கணவர் இல்லை. போன மாதம்தான் வேலை ஓய்ந்தது. சாவியைக் கேட்டுக் கிராணி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். அக்கா கையில் தட்டு, தட்டில் சூடம். காற்றுக்கு உள்ளங்கையால் சுடரை மறைத்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, பேச்செல்லாம் நல்லாத்தான் இருந்துச்சி. இதுல கைய வச்சி சொல்லிடுங்க லா. ஓட்டு மொத்தமும் ஒங்களுக்குத்தான்."

"அணைங்க ஒய்.பி.! போன தடவ கேக்காமலே அணைச்சீங்கல்ல!" பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது, உடனே அடங்கியது.

அண்ணன் கை நீண்டது. அண்ணி என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. "வேணாம்மா... வேணாம்," என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகினார். பிடித்திருந்தது என் கையை, கும்பிட்டது அம்மனை. சுடருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கை நின்றது. காற்று சுடரைச் சாய்த்து அவர் விரல்களைத் தொடவைத்தது. அவர் அசையவில்லை. கட்சிக்காரர் ஒருவர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார். தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம் மட்டும்.

கையை எடுத்துவிட்டார்.

"முடியாதுக்கா. நிலம் என் கையில இல்ல. கேப்பேன். திரும்பத் திரும்பக் கேப்பேன். வாங்கிக் குடுத்துருவேன்னு சொல்ல முடியாது."

"அப்ப சாவிய நான் குடுத்துரவா?"

அக்கா தட்டை இறக்கவில்லை. சூடம் தன் பாட்டுக்கு எரிந்து, சாம்பல்கூட வைக்காமல் முடிந்தது.

அடுத்த கூட்டத்துக்குத் திரிங்காப் போகும் வழியெல்லாம் கட்சிக்காரர் வண்டிக்குள் கொதித்தார். "ஒரு செகண்டு கைய வச்சா என்னாங்க? சூடுகூடத் தெரியாது. மக புள்ளத்தாச்சின்னு பயந்துட்டீங்களா?"

"ஆமா, பயந்துட்டேன்," என்றார் அண்ணன். "போன தடவ பயமில்லாம அணைச்சேன் பாருங்க, அதான் தப்பு."

மறுநாள் கோலா தெர்லாவில் கோஸ் ஏற்றிக்கொண்டிருந்த லோரிக்காரர் ஒருவர் மேலேயிருந்தே கூவினார்: "ஒய்.பி.! ஒங்க தோட்டத்துல எதிர்க்கட்சி ஆளு ரெண்டு கையாலயும் அணைச்சிட்டாராம்! கேள்விப்பட்டீங்களா?" அண்ணன் கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். அவர் பிடரி மட்டும் சிவந்திருந்தது.

வாக்களிப்பு நாளன்று தோட்டத்துப் பள்ளி வாசலுக்கு வெளியே நின்று முகங்களைப் படித்தேன். நேராகப் பார்த்துத் தலையாட்டியவர்கள் சிலர். மற்றவர்கள் அருகில் வந்து, அண்ணன் மகள் உடம்பு எப்படி, வலி கண்டதா, சாப்பிடுகிறாளா என்று உருகி உருகி விசாரித்தார்கள். அந்த அன்பு கூடக்கூட என் கணக்கில் ஒவ்வொரு ஓட்டாகக் குறைந்தது. எண்ணி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. மற்ற பெட்டிகளில் தாக்குப்பிடித்தார். எங்கள் தோட்டத்துப் பெட்டி அவரைக் கவிழ்த்தது.

பேரன் பிறந்து வீட்டுக்கு வந்த வாரம் அந்த அக்கா வந்தார். பிள்ளையைப் பார்த்தார், நெற்றியில் விபூதி வைத்தார், பிறகு அண்ணன் எதிரில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தம்பி, மூஞ்சிக்கு நேராவே சொல்லிடறேன். அவனுக்குத்தான் போட்டேன். அவன் அணைச்சான், நீங்க அணைக்கல. எனக்கு வீடு வேணும்ல."

அண்ணி உள்ளே பாத்திரத்தை வைத்த வேகம் வாசல்வரை கேட்டது.

"வேற என்னாக்கா செய்வீங்க," என்றார் அண்ணன்.

"இப்ப அவன் ஆபீசுக்குப் போவணும். எனக்கு அங்கெல்லாம் பேசத் தெரியாது. நீங்க கூட வாங்க."

"ஒங்களுக்குக் கொஞ்சமாச்சும் கூச்சம் இருக்காக்கா?" உள்ளேயிருந்து அண்ணி.

"கூச்சப்பட்டா ரோட்டுலதான் படுக்கணும்."

அண்ணன் எழுந்து சட்டையை மாட்டினார். வண்டியை நான் ஓட்டினேன்.

தானா ராத்தாவில் அந்த அலுவலகம் அண்ணன் முன்பு உட்கார்ந்திருந்த அதே அலுவலகம். சுவரில் படம் மட்டும் மாறியிருந்தது. முன்மேசைப் பெண் பழக்கத்தில் சட்டென்று எழுந்தாள். "உக்காரும்மா, அக்கா கூடத்தான் வந்திருக்கேன்," என்று அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போனார். காத்திருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார்கள்.

எங்கள் முறை வந்து உள்ளே போனதும் அக்கா உட்காரக்கூட இல்லை.

"தம்பி, நீங்க சூடம் அணைச்சீங்க. நான் கிட்ட நின்னு பாத்தேன். கிராணி சாவி கேக்குறாரு. நான் என்னா சொல்லட்டும்?"

புதிய ஒய்.பி. முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் பார்வை அக்காவை விட்டு நழுவி அண்ணனிடம் வந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது என்று தெரிந்த இன்னொரு ஆள் அந்த அறையில் அண்ணன்தான். ஒரு வார்த்தை போதும், அண்ணன் அவரை அங்கேயே அம்மணமாக்கியிருக்கலாம். அதற்காகத்தான் வந்தாரோ என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது.

அண்ணன் நாற்காலியை இழுத்து அக்காவை உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நில ஆபீசுல யாரப் புடிக்கணும்னு எனக்குத் தெரியும். மொதல்ல கிராணிக்குப் போனைப் போடுங்க, சாவி கேக்கறத நிறுத்தச் சொல்லி. அப்புறம் அங்க போடுங்க. நாங்க உக்காந்திருக்கோம்."