மதுரைச் சாமான்

பாளையம்பட்டியில் என் கடை. விபத்தில் நொறுங்கிய வண்டிகளில் கழற்றிய வயரிங்கும் ஈ.சி.எம். பெட்டியும் விற்கிறேன். இன்ஜினுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற கம்ப்யூட்டர்தான் அந்தப் பெட்டி. புதிது வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் வருவார்கள். பழையது விற்கிறவன் திருடன் என்ற நினைப்பையும் கூடவே கொண்டுவருவார்கள்.

நரிக்குடிப் பக்கத்து வேன் டிரைவர் ஒருவர், மில்லுக்குப் பெண்களை ஏற்றிப்போகிறவர், என்னிடம் ஒரு பெட்டி வாங்கினார். நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் காலையில் தன் மெக்கானிக்கோடு வந்து அதைக் கழற்றி என் மேஜையில் போட்டார்.

"செத்த பொட்டியக் குடுத்து ஏமாத்திட்டீகளே அண்ணாச்சி. வண்டி நிண்டா மில்லுல வேற வேன் வச்சிருவாக."

மூடியைத் திறந்தேன். கருகல் நாற்றம்.

"வண்டியில வெல்டிங் வச்சீகளா?"

"மேல கேரியரு வச்சோம். இவுக பட்டறையிலதான்."

வெல்டிங் வைக்குமுன் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் பெட்டி கருகிவிடும். பாதிப் பட்டறைகளில் சோம்பல்பட்டு அப்படியே வைப்பார்கள். "பேட்டரிய கழட்டுனீகளா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"கழட்டாமயா வப்பேன்? பழசு அம்புட்டுத்தான் தாங்கும்" என்றார், கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு.

டிரைவர் அவரைத்தான் நம்பினார். வாசலில் நின்று நாலு பேர் கேட்க என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே மெக்கானிக் தனியாக வந்தார். கொஞ்சங்கூடக் கூச்சமில்லை.

"அதே மாடல் இன்னொண்ணு கெடக்காண்ணே? மதுரையில எடுத்தேன்னு சொல்லிக்கிறேன். நீங்க எதும் சொல்லிக்கிறாதீக."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே போ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் நரிக்குடிப் பக்கத்து வண்டி ஒன்றுகூட என் கடைக்கு வராது, மெக்கானிக்குகள் எல்லாம் ஒரே கூட்டு. அலமாரியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வேன் இப்போதும் ஓடுகிறது, மில் சவாரியும் கைவிட்டுப் போகவில்லை. போன வாரம் டீக்கடையில் டிரைவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமெல்லாம் தணிந்திருந்தது.

"தப்பா நெனைக்காதீக அண்ணாச்சி. மதுரைச் சாமானு பாருங்க, அலுங்காம ஓடுது. நீங்களும் அங்க போயி எடுத்தாந்து யாவாரம் பாருங்க. ஒங்களுக்கும் நல்ல பேரு கெடைக்கும்."

"பாக்குறேன்" என்றேன்.