ஒன்பதரை மணி நேரம்

சென்னை டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் என் மனைவி இரண்டரையைக் கூட்டிவிடுவாள். சிங்கப்பூரில் காலை எட்டு மணிக்கு ஏறினால் அங்கே ஒன்பதரைக்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். அதை நம்பி ஒன்றரை மணி நேரப் பயணம் என்று நினைக்கக் கூடாது. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். ஆக, நாலு மணி நேரம். அதுவே அவளுக்கு அதிகம். மூன்றாவது மணியில் முழங்காலைத் தடவிக்கொண்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவாள்.

நியூயார்க்கில் இருக்கும் எங்கள் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. அம்மா பக்கத்தில் இருந்தால் தேவலை என்றாள். மனைவி டிக்கெட்டைப் பார்த்தாள். பகல் பன்னிரண்டுக்குப் புறப்பாடு, அதே நாள் மாலை ஏழுக்குப் போய்ச் சேரும். வழக்கம்போல இரண்டரையைக் கூட்டினாள்.

"ஒன்பதரை மணி நேரந்தானே. பல்லைக் கடிச்சிக்கிட்டுப் போயிடுவேன் லா."

நான் அவள் கணக்கைத் திருத்தவில்லை. ஜூரோங்கில் வேலை முடிந்து ரயிலில் வரும்போதே கைப்பேசியில் பார்த்துவைத்திருந்தேன். நியூயார்க் கடிகாரம் நம்மைவிடப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால்; பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய பத்தொன்பது மணி நேரம். சொன்னால் இவள் போகமாட்டாள், மகள் அங்கே தனியாகத் தவிப்பாள். நீயும் கூடப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பத்தொன்பதைப் பார்த்ததும் எனக்கே பயம் வந்துவிட்டது. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அவள் தேக்கா சந்தைக்குப் போய்ப் பிரசவ மருந்தும் சுக்கும் வாங்கிவந்து பெட்டியில் அடுக்கினாள். வழிக்கு ஒரே ஒரு பொட்டலம் புளிச்சாதம் கட்டினாள். இன்னொன்றும் கட்டிக்கொள்ளேன் என்றேன். ஒன்பதரை மணி நேரத்தில் எத்தனை தரம் சாப்பிடுவார்கள் என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

சாங்கி விமான நிலையத்தில் உள்ளே போகும்போது திரும்பிக் கையசைத்தாள். கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, மனைவி மகள் வீட்டிலிருந்து அழைத்தாள்.

"வந்துட்டேன். உக்காந்ததுமே ஸ்கிரீன்ல பதினெட்டரை மணி நேரம்னு போட்டிருந்துச்சு. இறங்கியே வந்திருப்பேன், கதவைச் சாத்திட்டாங்க. வழியெல்லாம் உங்களைத்தான் திட்டிக்கிட்டு வந்தேன். அதுல முழங்கால் வலிகூடத் தெரியல."

தெரிந்தேதான் சொல்லாமல் இருந்தேன் என்று ஒப்புக்கொண்டேன். எனக்கும் பயம், அதனால்தான் லீவு கேட்கவே இல்லை என்பதையும் சொன்னேன். அவளுக்குப் பின்னால் மகள் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"குழந்தை பொறந்ததும் லீவு போட்டுட்டு நீங்களும் வந்து சேருங்க," என்றாள் மனைவி. "ஒன்பதரை மணி நேரந்தானே."